வெட்சி ஏன் மஞ்சளானது: மண்ணின் பிஎச் அளந்து செடிகளை இடம் மாற்றிய பதிவு

வெட்சிச் செடியில் புது இலைகள் மஞ்சளாகவே வந்துகொண்டிருந்தன. அடியில் இருந்த பழைய இலைகள் நல்ல கரும்பச்சை. நுனியில் விரியும் இலைகளில் மட்டும் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு நடுவில் இருந்த பரப்பு வெளிறிப் போயிருந்தது. தழைச்சத்துக் குறைவாக இருந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலைதான். செடி அங்கிருக்கும் சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி இடம் மாற்ற அதனால் முடியாது. அதனால் இரும்புக் குறைவு குருத்தில்தான் தெரியும்.

இது இரும்புதானா என்று உறுதி செய்ய எளிதான வழி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மஞ்சளான ஓர் இலையின் பாதியில் மட்டும் பஞ்சால் தடவினேன். வெயில் தாழ்ந்த பிறகு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். சில நாள் கழித்துத் தடவிய பாதியில் மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சை ஏறியிருந்தது, மறுபாதி அப்படியே மஞ்சள். சரி, இரும்புதான்.

மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அபூர்வம். இருக்கும் இரும்பு கரையாமல் கிடப்பதுதான் வழக்கம். பிஎச் என்பது மண்ணின் அமில, கார அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அது ஒரு படி ஏறினால் கரைந்த நிலையில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வெட்சி, கார்டீனியா, அசேலியா, கமீலியா, ப்ளூபெர்ரி எல்லாம் அமில மண்ணில் வளர்ந்து பழகிய இனங்கள். அவற்றைக் கார மண்ணில் வைத்துவிட்டு எவ்வளவு உரம் போட்டாலும் குருத்து மஞ்சளாகத்தான் வரும். அதனால் உர மூட்டையை ஓரம் கட்டிவிட்டு மண்ணை அளக்க ஆரம்பித்தேன்.

மாதிரி எடுப்பதில் அவசரப்படக் கூடாது. மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்ட வேண்டும். அப்புறம் குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை விரல் கனத்துக்கு ஒரு சீவல். இப்படிப் பல இடங்களில் எடுத்ததை பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்தேன். நிழலில் காகிதத்தின் மேல் பரப்பி உலரவிட்டு, கட்டிகளைக் கையால் உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்தேன். உரம் வைத்த இடம், சாம்பல் கொட்டிய இடம் இரண்டையும் தவிர்த்தேன்.

இந்தக் கலப்பு மாதிரியின் பிஎச் 7.9 என்று வந்தது. அந்த எண்ணை வைத்து மொத்தத் தோட்டமும் கார மண் என்று முடிவு கட்டியிருந்தால் எல்லாமே தப்பாகியிருக்கும். வெட்சிக்குப் பத்தடி தள்ளி, தூர மூலையில் இருந்த ரோஜா நன்றாகவே துளிர்த்துக்கொண்டிருந்தது, அது இந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. அதனால் திரும்பவும் மண் எடுத்தேன். இந்த முறை சுவரோரம், நடுப்பகுதி, தூர மூலை மூன்றுக்கும் தனித்தனி வாளி. சுவரோரம் 8.2, நடுப்பகுதி 7.3, தூர மூலை 6.6.

கலப்பு மாதிரி ஏன் 7.9 காட்டியது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிஎச்சை சராசரி போட முடியாது. ஒரு மண்ணில் சுண்ணாம்பு இருந்தால், அதை எதோடு கலந்தாலும் கலவை முழுவதையும் அது தன் பக்கம் இழுத்துவிடும். வாளியில் மூன்றில் ஒரு பங்குதான் சுவரோர மண், ஆனாலும் எண்ணை முடிவு செய்தது அதுதான். செடி வித்தியாசமாக வளரும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி மாதிரி எடுப்பதே முறை.

இனி அளக்கும் விதம். 20 கிராம் சலித்த மண்ணுக்கு 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், அதாவது 1-க்கு 2.5. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கலக்கி, இடையிடையே கிளறி, அரை மணி நேரம் விட்டேன். இந்த விகிதத்தை ஒரு தடவை 2.5, இன்னொரு தடவை 5 என்று மாற்றினால் எண்ணும் கொஞ்சம் மாறும். எதை எடுத்துக்கொண்டாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நீரில் ஏற்கெனவே பைகார்பனேட் (காரத்தன்மை தரும் உப்பு) கரைந்திருக்கும் என்பதால் அது கூடாது. சோதித்தும் பார்த்தேன்: 6.6 காட்டிய தூர மூலை மண், குழாய் நீரில் கரைத்தபோது 7.0 காட்டியது. ஒரு செடி அங்கே பிழைக்குமா பிழைக்காதா என்பது சில நேரம் அந்த 0.4-க்குள்தான் இருக்கிறது.

கருவிகளில் முதலில் எடுத்தது செம்பருத்திப் பூ. இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் வரும் சாறு, அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். வினிகரிலும் சமையல் சோடாவிலும் அருமையாக நிறம் மாறியது. மண் கரைசலின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் விட்டபோது சுவரோர மண்ணுக்குப் பச்சைச் சாயல் வந்தது, மற்ற இரண்டுக்கும் நடுவே என்னால் வித்தியாசம் காண முடியவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல சோதனை, செடி தேர்ந்தெடுக்க இது போதாது.

அடுத்து பிஎச் தாள். 1 முதல் 14 வரை ஒரே சுருளில் காட்டும் தாளை வாங்காதீர்கள், அதில் 6-க்கும் 7-க்கும் நடுவே கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. தோட்டத்துக்குத் தேவை 4-லிருந்து 9 வரை அரை அரைப் படியாகக் காட்டும் தாள். சேற்றில் நேராக நனைத்தால் மண் நிறம் தாளில் ஒட்டி ஏமாற்றும். கரைசலைத் தெளியவிட்டு, மேல் தெளிவில் நனைத்து, ஒரு நிமிடமாவது பொறுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நம்பலாம். மொத்தச் சோதனையிலும் குறைந்த செலவுக்கு அதிக பலன் தந்தது இந்தத் தாள்தான். ஒரே ஒரு தோட்டத்தை ஒரே ஒரு முறை அளக்கப் போகிறவருக்கு மீட்டர் தேவையே இல்லை.

மண்ணில் குத்தினால் முள் ஆடும் பேட்டரி இல்லாத கருவி ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒரே இடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு ஒரு எண், ஊற்றிய பிறகு வேறு எண். ஈரம் மாறினாலே எண் மாறும் கருவியை வைத்து பிஎச் சொல்ல முடியாது.

பேனா மீட்டர் தாளைவிடப் பல மடங்கு விலை, அதோடு பராமரிப்பும் கேட்கிறது. அளப்பதற்கு முன் 6.86 பஃபரிலும் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்), கார மண் என்றால் 9.18, அமில மண் என்றால் 4.00 பஃபரிலும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழை மண்ணில் குத்தாமல், படிந்த மண்ணுக்குச் சற்று மேலே நிற்கும் தெளிவில் பிடிக்க வேண்டும். அளந்து முடித்ததும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எடுத்து வைக்கும்போது குமிழ் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்திருக்க வேண்டும். சுத்தமான தண்ணீர்தானே என்று டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டால் கருவியின் ஆயுள் குறையும்.

இவ்வளவும் எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக. ஆனால் இந்த வேலையில் எனக்கு வழி காட்டியது அந்த எண்ணைவிட வினிகர்தான்.

ஒரு கரண்டி மண்ணை முதலில் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் எதை ஊற்றினாலும் உள்ளிருக்கும் காற்று குமிழாக வெளியேறும், அதைப் பார்த்து ஏமாந்துவிடலாம். நனைந்த மண்ணில் வினிகரை ஊற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன். சுண்ணாம்பு இருந்தால் வினிகர் பட்டதும் நுரைக்கும். தூர மூலை மண்ணில் சத்தமே இல்லை. நடுப்பகுதி மண்ணிலும் இல்லை. சுவரோர மண் உஸ்ஸென்று நுரைத்தது. அதைக் கழுவிப் பார்த்தபோது உளுந்து அளவில் வெள்ளைத் துண்டுகள், சில இடத்தில் மணல் ஒட்டிய பழைய காரைத் துணுக்குகள். கட்டுமானக் கழிவைக் கொட்டி மேடாக்கிய இடம் அது.

நுரைக்கும் மண்ணும் நுரைக்காத மண்ணும் வேறு வேறு பிரச்சினைகள். நுரைக்காத மண்ணின் பிஎச்சைக் கீழே இறக்கலாம், அமிலம் சேர்த்தால் அது அசையும். நுரைக்கும் மண்ணில் சேர்க்கும் அமிலத்தையெல்லாம் முதலில் சுண்ணாம்பு தின்றுவிடும். அது தீரும் வரை பிஎச் 7.5-லிருந்து 8.4-க்குள் எங்கேயோ பிடிவாதமாக நிற்கும். 8.5-ஐத் தாண்டினால் அது சோடியம் ஏறிய களர் மண்ணாக இருக்கலாம். ஜிப்சம் அந்தக் களர் மண்ணுக்குத்தான் மருந்து. சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சை அது இறக்காது, இருந்தும் பலர் அதற்கு ஜிப்சம் வாங்கிப் போடுகிறார்கள்.

சுவரோரத்தில் சுண்ணாம்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. 0.1 கிராம் காட்டும் சிறு தராசு கையில் இருந்தது. 100 கிராம் உலர்ந்த மண் ஒரு அகலப் பாத்திரத்தில், 300 மி.லி. வினிகர் இன்னொரு பாத்திரத்தில், இரண்டையும் சேர்த்து எடை போட்டேன். பிறகு வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றி, நுரை அடங்கும் வரை கிளறி, காலிப் பாத்திரத்தோடு சேர்த்து மறுபடி எடை. 2.2 கிராம் குறைந்திருந்தது. வெளியேறியது கரியமில வாயு. சுண்ணாம்பின், அதாவது கால்சியம் கார்பனேட்டின், எடையில் 44 விழுக்காடு அந்த வாயுதான் என்பதால், 100 கிராம் மண்ணில் சுமார் 5 கிராம் சுண்ணாம்பு. கொஞ்சம் வாயு வினிகரிலேயே கரைந்து நிற்கும், கொஞ்சம் ஈரம் ஆவியாகும், ஆகவே இது தோராயக் கணக்குதான். முடிவெடுக்க இதுவே போதும்.

கணக்கு இப்படிப் போகிறது. ஒரு சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்றால் 150 லிட்டர் மண். லிட்டருக்கு 1.3 கிலோ என்று வைத்தால் 195 கிலோ. அதில் 5 விழுக்காடு ஏறத்தாழ 9.75 கிலோ சுண்ணாம்பு. 1 கிலோ கந்தகம் சுமார் 3.1 கிலோ சுண்ணாம்பைத்தான் தீர்க்கும். ஆக ஒரே ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். அவ்வளவும் போட்டு முடித்தால் அந்த இடத்தில் ஏறத்தாழ 17 கிலோ ஜிப்சம் உருவாகியிருக்கும், அடியில் இருக்கும் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். சுவரோரத்தை அமிலமாக்கும் எண்ணத்தை அந்தக் காகிதத்தோடு விட்டுவிட்டேன்.

என்றாலும் கண்ணால் பார்க்காமல் மனம் ஒப்பவில்லை. சுவரோர மண் 1 கிலோ, தூர மூலை மண் 1 கிலோ, இரண்டையும் சிறு தொட்டிகளில் எடுத்து ஒவ்வொன்றிலும் 0.5 கிராம் கந்தகத் தூள் கலந்து ஈரம் காயாமல் வைத்தேன். கந்தகம் தானாக அமிலமாகிவிடாது. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுக்குச் சூடும் ஈரமும் காற்றும் வேண்டும், மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். முதல் மாதம் அளந்து பார்த்து ஒன்றும் நடக்கவில்லையே என்று மேலும் கந்தகம் கொட்டுவது ஆபத்து. பொறுத்திருந்து அளந்தபோது தூர மூலை மண் 6.6-லிருந்து 5.8-க்கு இறங்கியிருந்தது. சுவரோர மண் 8.1.

இதற்குப் பிறகு செடிகளை இடம் மாற்றுவது எளிதாகிவிட்டது. தூர மூலையில் கார்டீனியாவுக்கு மட்டும் ஒரு சதுர மீட்டர் ஒதுக்கி, தொட்டிச் சோதனையின் விகிதத்திலேயே 100 கிராம் கந்தகத்தை மேல்மண்ணில் கலந்தேன். ஒரே தடவையில் இதற்கு மேல் போடுவது நல்லதில்லை. பக்கத்திலேயே சர்க்கரைவள்ளி, அதற்கு 5.5-லிருந்து 6.5 வரை ஒத்துவரும். ரோஜா இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுப்பகுதியின் 7.3 பெரும்பாலான காய்கறிகளுக்கு விருப்ப அளவான 6-லிருந்து 7-ஐச் சற்றே தாண்டியதுதான். மக்கு உரமும் மூடாக்கும் போட்டுத் தக்காளி, கத்தரி, பீன்ஸ் வைத்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கை மட்டும் அங்கே வைக்கவில்லை. கார மண்ணில் கிழங்குத் தோலில் சொறி நோய் எளிதாக வரும்.

சுவரோரத்தைத் திருத்தும் முயற்சியை விட்டதும் அது நல்ல இடமாகத் தெரிந்தது. மாதுளை, அத்தி, ரோஸ்மேரி, லாவெண்டர் நான்கும் சுண்ணாம்பு மண்ணைத் தாங்குபவை. பாத்தி மீந்த இடத்தில் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் போட்டேன். முட்டைக்கோஸ் குடும்பத்தின் வேர்களை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் கிளப் ரூட் நோய் அமில மண்ணில்தான் அதிகம், கார மண்ணில் அதன் தொல்லை குறைவு. அரளியும் அங்கே தாராளமாக வரும். ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால் குழந்தைகளும் ஆடு மாடும் புழங்கும் இடத்தில் நான் வைக்க மாட்டேன்.

வெட்சிக்குத் தரையில் இடமில்லை, தொட்டிதான். அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, இலை மக்கு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், அதனால் வடியும் நீர் நிறமிழக்கும் வரை அலச வேண்டும். மக்கு உரம் எப்போதும் அமிலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்புச் சாம்பல் கலந்த குவியலிலிருந்து எடுத்த மக்கு 7.9 காட்டியது, அதை ஒதுக்கிவிட்டு வெறும் சருகு மக்கியதைச் சேர்த்தேன். மணலையும் வினிகர் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கிளிஞ்சல் துண்டு இருந்தால் நுரைக்கும். கலவை 5.9-இல் நின்றது. மாற்றி வைத்த பிறகு வந்த துளிர்கள் பச்சை, மஞ்சளாக இருந்த பழைய இலைகள் பெரிதாகத் தேறவில்லை. அன்னபேதி தெளித்தால் தெளித்த இலை மட்டுமே பச்சையாகும், அடுத்த குருத்து மறுபடி மஞ்சளாக வரும். கார மண்ணிலேயே ஒரு செடியை வைத்துக் காப்பாற்றியாக வேண்டும் என்றால் இடிடிஎச்ஏ வகை இரும்புச் செலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்க வேண்டும். சாதாரண இடிடிஏ வகை அந்த பிஎச்சில் இரும்பைப் பிடித்து வைத்திருக்காது. விலையில் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி, தொடர்ந்து வாங்கவும் வேண்டும். ஒரு தொட்டி வாங்குவதே லாபம்.

தொட்டியில் கவலை தண்ணீர்தான். குழாய் நீரின் பிஎச்சை மட்டும் பார்த்துப் பயனில்லை, அதில் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் குழாய் நீரை 6-க்கு இறக்க 5 விழுக்காட்டு வினிகர் ஏறத்தாழ 5 மி.லி. பிடித்தது. சேர்த்து வைத்திருந்த மழைநீருக்கு ஓரிரு சொட்டே அதிகம். குழாய் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், தரையில் சுண்ணாம்பு செய்த வேலையை அது தொட்டியில் மெல்ல மெல்லச் செய்துவிடும். வெட்சிக்கும் கார்டீனியாவுக்கும் மழைநீர், மற்றவைக்குக் குழாய் நீர் என்று பிரித்துவிட்டேன்.

மறுபடி இதைச் செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் ஒவ்வொரு மூலையிலும் வினிகர், அப்புறம் தாள், இரண்டும் சந்தேகம் தந்தால் மட்டும் மீட்டர். ஆழத்தையும் கூடுதலாகப் பார்ப்பேன். சுவரோரத்தில் மாதுளைக்குக் குழி வெட்டியபோது 40 செ.மீ. ஆழத்தில் கைப்பிடி அளவுச் சுண்ணாம்புக் கட்டிகள் வந்தன, என் 15 செ.மீ. மாதிரி அவற்றைத் தொடவே இல்லை. நடுப்பகுதிக்குக் கீழேயும் அந்தக் கழிவு நீண்டிருக்க வாய்ப்பு உண்டு. அங்கே மரம் எதுவும் வைப்பதற்கு முன் 30-லும் 60-லும் தனித்தனியாக மண் எடுத்து வினிகர் விட்டுப் பார்க்கப் போகிறேன். நுரைத்தால் அங்கே போவது அத்தி. நுரைக்காவிட்டால் எலுமிச்சை.